செவலைக்கு வந்த சேர்க்கை அழைப்பு

வள்ளியூர்ப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் அட்மிஷன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூவில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகளுக்கு, "உங்கள் அபாரத் திறமை எங்களை வியக்க வைத்தது. உங்களுக்காக ஓர் இருக்கையோடு காத்திருக்கிறோம். இப்படிக்கு, முதல்வர்" என்று மெயில் வருகிறதல்லவா? அப்படி வியந்தவன் நான்தான். அதுவும் ஒரே தடவை. மீதியெல்லாம் கம்ப்யூட்டர் வியந்தது. எக்செல் ஷீட்டில் பெயரும் மார்க்கும் இருக்கும். ஒரே கடிதத்தில் ஆளுக்கொரு பெயரைப் பொருத்தி அனுப்பும் மெயில் மெர்ஜைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்புவதற்குள் மாவட்டம் முழுக்க வியந்து முடித்திருப்போம். முதல்வருக்கு எதுவும் தெரியாது.

ஒரு நாள் காலையில் களக்காட்டு வாழை விவசாயி இசக்கிமுத்து தோளில் ஒரு தாருடன் வந்து நின்றார். பின்னால் மகள் மகாலெட்சுமி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

"முதல்வர் ஐயாட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும் அண்ணாச்சி."

"எதுக்கு?"

"பிள்ளைக்குக் கவுன்சிலிங்ல அரசாங்கக் காலேஜ் கிடைச்சிருக்கு. ஐயா இங்கன காத்திருக்கேன்னு மூணு மெயில் எழுதிட்டாவ. கூப்பிட்டவங்கள அவமதிக்கலாமா? அவிய சரின்னு சொன்னா அங்க சேருவோம். இல்லன்னா இங்கனதான்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சம்மதம் அமுக்கலன்னா சீட்டு போயிரும் சார்," என்றாள் மகள். "சொன்னா கேக்க மாட்டக்காவ."

எங்கள் டைரக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, "நல்ல மார்க்குவே. அஞ்சு மணி வரைக்கும் காபி குடுத்து உக்கார வையும். அதுக்கப்புறம் நம்ம பிள்ளைதான்," என்றார்.

காபி வாங்கிக் கொடுத்தேன். எனக்குத்தான் இறங்கவில்லை. மெல்லச் சொன்னேன்: "இது ஊருக்கே போன மெயிலுவே."

"எம் பிள்ளை பேரு, மார்க்கு எல்லாம் சரியா எழுதியிருக்காவளே."

நிரூபித்துவிடலாம் என்று மகாலெட்சுமியின் மார்க்குக்கு நேராக என் பெயரைப் போட்டு, அவள் போனுக்கே அனுப்பினேன். பிளஸ் டூ கணக்கில் இரண்டு முறை தோற்றவன் நான். "அன்புள்ள பரமசிவன், உங்கள் அபாரத் திறமை..." என்று வந்தது.

இசக்கிமுத்து படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வயசுலயும் ஒங்களக் கூப்பிட்டிருக்காவளே. விடாதீங்க அண்ணாச்சி, படிச்சிருங்க."

மகாலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "சார், எங்க செவலைக்கு ஒண்ணு அனுப்புங்க."

"அது யாரு?"

"எங்க வீட்டு மாடு."

தந்தை பெயர் இல்லாமல் கம்ப்யூட்டர் ஏற்காது. "எம் பேரப் போடுங்க, நான்தான வளக்கேன்," என்றார் இசக்கிமுத்து. மார்க்? "பிள்ளைக்கு ஒண்ணு கீழ போடுங்க. அவ சங்கடப்படுவா."

மெயில் வந்தது. "அன்புள்ள செவலை, உங்கள் அபாரத் திறமை எங்களை வியக்க வைத்தது. மகளிர் விடுதியில் சுவையான உணவும் உண்டு."

அவர் இரண்டு தரம் படித்தார். "அப்ப ஐயா காத்திருக்கலையா?"

"அவருக்கு ஒம்மத் தெரியவே தெரியாதுவே."

முகம் கொஞ்சம் வாடியது. பிறகு, "ஏட்டி, அமுக்கு," என்றார். எங்கள் கல்லூரி வைஃபையிலேயே அவள் அரசுக் கல்லூரிக்குச் சம்மதம் அமுக்கினாள். தாரை என் மேசையில் இறக்கினார். "எழுதுனது நீங்கதான? நீங்களே தின்னுங்க."

செவலையைப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துபோனேன். அடுத்த வாரம் டைரக்டர் பிடித்துக்கொண்டார். "களக்காட்டுல செவலைன்னு ஒரு பிள்ளை, இம்புட்டு மார்க்கு. ஏன்வே விட்டீரு? ஃபுல் ஃபீஸ் சலுகைன்னு சொல்லும்."

அவர் முன்னாலேயே போன் போட்டுச் சலுகையைச் சொன்னேன். "அது கன்னு போட்டிருக்கு அண்ணாச்சி, இந்த வருசம் தோதுப்படாது," என்றார் இசக்கிமுத்து.

"வீட்டுல பிரசவமாம் சார்," என்றேன். 'அடுத்த ஆண்டு மீண்டும் அழைக்கவும்' என்று டைரக்டர் குறித்துவைத்தார்.

ஆகவே பிள்ளைகளே, இப்படி மெயில் வந்தால் உங்கள் முகவரி எங்கள் கையில் சிக்கிவிட்டது என்று மட்டும் பொருள். மார்க் உங்களுடையது. அதை வைத்து எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே போங்கள். பதில் எழுதாவிட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். செவலை இன்றுவரை எழுதவில்லை.