கூடாரத்தில் ஒரு விருந்தாளி

அன்று நோர்வேயில், ஹவுகெட்டோ என்ற இடத்தில் இருந்த அந்த வீட்டில் இருந்தது ஐந்து பேர். பஸ் கராஜில் என்னோடு பஸ் கழுவிய துவாரெக்காரர், அவருடைய மனைவி, பிரான்சிலிருந்து வந்திருந்த அவளுடைய தாய்மாமன், என் மனைவி, நான். பிறகு எத்தனையோ தரம் எண்ணிப் பார்த்துவிட்டேன். ஐந்து பேர்தான். ஆனால் வெட்கப்பட அது காணும்.

துவாரெக் சனம் சகாரா பாலைவனத்தில் ஆடு, ஒட்டகத்தோடு தண்ணீர் தேடி இடம் மாறித் திரிகிறவர்கள். அவர்களில் மரியாதைக்கு முகத்தை மூடுவது ஆண்கள். கராஜில் குளிருக்கு நாங்கள் மூஞ்சியைச் சுற்றிக்கொண்டு நிற்கும்போது, "இண்டைக்குத்தான் எல்லாரும் மரியாதையா வந்திருக்கிறியள்" என்று அவர் பகிடி விடுவார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், அவர் பள்ளிக்கூடமே போகாதவர். உடைந்த நொர்வேஜிய மொழியில் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

அதனால்தான் அவர் வாடகைக்கு வீடு எடுக்க டெப்போசிட் காசு காணாது என்றபோது பதினையாயிரம் குரோனர் கொடுத்தேன். "வீட்டை விடேக்கை முழுசாத் திரும்பி வரும், அப்பிடியே உங்கட கையில தருவன்" என்றார். அது என் மனைவியின் சீட்டுக் காசு. சண்டை நின்று யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்திருந்த காலம். போய்த் தாயைப் பார்த்து வர என்று வங்கியில் சேர்த்து வைத்திருந்தாள். அவளுக்குச் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வங்கிக் கடிதம் வருகிற நாட்களில் அவளுக்கு முதல் தபால்பெட்டிக்கு ஓடுவது என் வேலையானது.

ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். பிள்ளை கிடைக்கப்போகிறதாக்கும் என்று நினைத்து ஒரு பெட்டி லட்டு கொண்டுபோனோம். கதவைத் திறந்த அவருடைய மனைவியைப் பார்க்க, நினைத்தது சரி போலத்தான் இருந்தது. கருநீலத் துணி, கையில் மருதாணி, கண்ணில் மை, வாயெல்லாம் சிரிப்பு. அவர் மட்டும் மாமனுக்கு முன்னால் மூக்குவரை துணியை இழுத்துவிட்டு, அதற்குக் கீழால் தேத்தண்ணிக் கிளாசை நுழைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். கதவடியில் ஒரு பயணப்பை.

தேத்தண்ணி மூன்று தரம் ஊற்றுவார்கள், மூன்றாவது குடிக்காமல் எழும்பக்கூடாது என்று முன்பே சொல்லித் தந்திருந்தார். முதலாவது வாய் கசக்கிற சாயம். இரண்டாவது ஊற்றும்போது சொன்னார்:

"நாங்கள் பிரிஞ்சிட்டம். நான் இண்டைக்குப் போறன்."

அவர்களில் பிரிந்த பெண்ணுக்கு வெட்கம் இல்லையாம். அவளுடைய ஆட்கள் வந்து விருந்து வைப்பார்களாம். நாங்கள் வந்திருந்தது அந்த விருந்துக்கு. அவள் எங்கள் லட்டைத் திறந்து மாமனுக்கு நீட்டினாள்.

"வீட்டுக் கொந்திராக்ட் உங்கட பேரில. போறதெண்டால் அவ போகட்டும், நீங்கள் ஏன் போவான்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள்தான் முதலில் சிரித்தாள். "கூடாரத்தை விட்டுப் பொம்பிளை வெளிக்கிடுறதோ? எங்கையாவது நடக்குமோ?"

"கூடாரம் தாய் தைச்சு மகளுக்குக் குடுக்கிறது. நான் அதுக்குள்ள விருந்தாளி," என்றார் அவர். "கொந்திராக்டை மாத்திக் குடுத்திட்டன். டெப்போசிட்டும் அவவுக்கு. கூடாரத்தில ஒரு கம்பும் நான் உருவிக்கொண்டு போறேல்ல."

"அதில என்ர காசெல்லோ கிடக்கு!"

மாமனுக்கு நொர்வேஜிய மொழி தெரியாது. நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை. என் மனைவிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் கிளாசை மெதுவாக வைத்தாள்.

"உங்கட காசை நான் உழைச்சுத் தருவன்," என்றார் அவர். துணி கண்வரை ஏறியிருந்தது. மூன்றாவதை நான் குடிக்கவில்லை, எழும்பிவிட்டேன்.

ரயிலில் என் மனைவி யன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எந்தக் காசு?"

சொன்னேன். இரண்டு ஸ்டேஷன் தாண்டித் திரும்பக் கேட்டாள்.

"ஊரில நாங்கள் இருந்த வீடு ஆரின்ர வீடு?"

"உம்மட சீதன வீடு."

"நான் போங்கோ எண்டிருந்தால் போயிருப்பியளோ?"

நான் ரயில் டிக்கெட்டை மடித்து மடித்து விரித்தேன்.

"அந்தாள் பையைத் தூக்கிக்கொண்டு போகுது. நீங்கள் என்ர பைக்குள்ள கை விட்டிருக்கிறியள்."

துவாரெக்காரர் வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்கு வேலை தேடிப் போனார். அங்கிருந்து ஐந்நூறு ஐந்நூறாக ஏழு தரம் வந்தது. வந்ததை அப்படியே என் மனைவி கையில் கொடுத்தேன். அவளும் ஒரு சொல் சொல்லாமல் வாங்கினாள். பிறகு வரவில்லை. அவரிடம் கேட்க எனக்கு முகமில்லை. அதற்கிடையில் சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதையைத் திரும்பப் பூட்டிவிட்டார்கள். அவளுடைய தாய் செத்ததை ஒரு காலை தொலைபேசியில் கேட்டோம். அன்றும் அவள் காசைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அவளுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது பதினோராயிரத்து ஐந்நூறு குரோனர்.