நாலில் ஒண்ணு, எட்டில் ரெண்டு

தீபாவளிக்கு முதல் நாள் காலை. எங்கள் திருநகர் தெருமுனைக் காலி மனையில் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் வாழையிலை போட்டு, வரிசையாக எட்டுக் குவியல் ஆட்டுக்கறி. சுற்றி நிற்பது ஐந்து குடும்பம். நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பது என் மகள் மகிழினி. ஒன்பது வயது. நாலாம் வகுப்பு. அவள் செய்துகொண்டிருந்த காரியத்தைப் பார்த்து, கறி வெட்டிய பாய் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

இருங்கள்... முதலிலிருந்து வருகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. எனக்கே அன்று பாதி புரியவில்லை.

எங்கள் தெருவில் தீபாவளிக்குக் கடையில் போய்க் கறி வாங்குகிற வழக்கம் கிடையாது. பங்குக் கறிதான். நாலு வீடு சேர்ந்து கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து ஒரு ஆட்டை வாங்கி, வெட்டி, நாலு கூறாகப் போட்டு எடுத்துக்கொள்வோம். கூறு என்றால் சும்மா எடை போட்டுக் கட்டித் தருவது இல்லை. ஒவ்வொரு குவியலிலும் நெஞ்செலும்பு இருக்கணும், தொடைக்கறி இருக்கணும், ஈரல் இருக்கணும், கொழுப்பு இருக்கணும். ஒரு குவியலில் ஈரல் ஒரு விரல் அளவு குறைந்தாலும் அதைப் பொங்கல் வரைக்கும் பேசுவார்கள்.

எந்தக் கூறு யாருக்கு? அதற்கும் ஒரு முறை உண்டு. ஒரு குழந்தையைத் திரும்பி நிற்க வைப்போம். பாய் ஒரு குவியலைக் கத்தியால் காட்டி, "இது யாருக்கு?" என்று கேட்பார். பார்க்காமலே குழந்தை ஒரு பெயரைச் சொல்லும். சொன்னால் சொன்னதுதான், அப்புறம் முணுமுணுக்கக் கூடாது. முணுமுணுப்போம், அது வேறு விஷயம்.

இந்த வருடம் பெயர் சொல்லும் பெருமை மகிழினிக்கு. ஒரு மாதமாக அவளிடம் நான் பார்த்த ஒரே சந்தோஷம் அதுதான்.

ஏன் என்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் 'ஈக்விவலன்ட் ஃப்ராக்ஷன்' நடத்தினார்கள். தமிழில் சமான பின்னம். நாலில் ஒன்றும் எட்டில் இரண்டும் சமம் என்று மிஸ் போர்டில் எழுதியிருக்கிறார். இவள் எழுந்து, "எப்படி மிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். மிஸ் காகிதத்தை மடித்துக் காட்டியிருக்கிறார். இவள் உட்காரவில்லை. "மேலேயும் நம்பர் பெருசாயிருச்சு, கீழேயும் நம்பர் பெருசாயிருச்சு. ரெண்டும் பெருசானா மொத்தம் மட்டும் எப்படி மிஸ் அப்படியே இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

நியாயமான கேள்விதானே? நீங்களே சொல்லுங்கள். எனக்கென்னவோ அதில் சிரிக்க ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவளுக்கு வந்தது அழுகை. வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டு, "எனக்கு மேத்ஸ் வராதும்மா. இனிமே எப்பவும் வராது. லீவு முடிஞ்சு டெஸ்ட் வைப்பாங்க, நான் அன்னைக்குப் போக மாட்டேன்" என்று படுத்துவிட்டாள்.

எப்பவும் வராதாம். ஒன்பது வயதில்! ஒரு பாடம் போனால் போகட்டும் — 'எனக்கு வராது' என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டால் அதை எந்த சோப்புப் போட்டுக் கழுவுவது?

என் வீட்டுக்காரர் களத்தில் இறங்கினார். தோசையில் விளக்கம். ஒரு தோசையை நாலாக வெட்டினார். இன்னொன்றை எட்டாக வெட்டினார். "இந்த ஒண்ணும், இந்த ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். அவள் எட்டில் ரெண்டையும் தின்றாள், நாலில் ஒன்றையும் தின்றாள். "எல்லாம் காலியாயிருச்சுப்பா. எதை வச்சுப் பாக்குறது?" என்றாள். அவர் மறுபடி மாவுச் சட்டியை எடுக்க, சட்னி தீர்ந்துவிட்டது என்று நான் பாடத்தை முடித்துவைத்தேன்.

இந்த நிலைமையில்தான் தீபாவளி வந்தது. பங்கில் ஒரு சின்ன மாற்றமும் வந்தது.

நாலு பங்குக்காரர்களில் ஒருவர் சம்பத் சார். பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். கொலஸ்ட்ரால் ஏறிவிட்டது, கறியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. அவர் பங்கில் பாதியை மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் ஜோதி எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆக, ஆட்டை எட்டுக் கூறு போட்டுவிட்டால் வேலை சுலபம். சம்பத் சாருக்கு ஒன்று, ஜோதிக்கு ஒன்று, மற்ற மூன்று வீட்டுக்கும் இரண்டிரண்டு. பங்கிலும் இருந்துகொண்டு ஏற்பாடும் செய்கிற முத்துக்காளை அண்ணன் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார்: "இந்த வருசம் எட்டுக் கூறு. எல்லாரும் தூக்குவாளியோட வந்துருங்க."

அவ்வளவுதான். கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டு கேட் படாரென்று திறந்தது.

ராஜேஸ்வரி அக்கா. எதிர் வீடு, இன்னொரு பங்குக்காரர். மகளுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம் ஆயிற்று. இது தலை தீபாவளி. மாப்பிள்ளை வருகிறார். அவர் தட்டில் நல்லி எலும்பு நட்டுக்குத்தாக நிற்க வேண்டும் என்று அக்கா ரெண்டு மாதமாகக் கனவு கண்டுகொண்டிருக்கிறார்.

"பாத்தியாடி இந்த அநியாயத்தை? நாலுல ஒண்ணுன்னு பேசிட்டு, இப்ப எட்டுங்குறாரு. தல தீவாளி மாப்பிள்ளைக்கு எட்டுக் கூறு போட்ட கறியா?"

"அக்கா, உங்களுக்கு ரெண்டு கூறுக்கா."

"ரெண்டுதேன். ஆனா துணுக்குத் துணுக்கா ரெண்டு. எட்டாப் போட்டா ஒரு கூறு எம்புட்டு இருக்கும்? உள்ளங்கையளவு இருக்கும்."

உள்ளேயிருந்து மகிழினி ஓடி வந்தாள். ஒரு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு முகம் முழுக்க. "நமக்கு ரெண்டு கூறாம்மா? போன வருசம் ஒண்ணுதானே குடுத்தாங்க. இந்த வருசம் டபுளா?"

ஒரே ஆடு. ஒரே பங்கு. இந்தப் பக்கம் ஐம்பத்தைந்து வயது, குறைந்துபோச்சு என்று கண் கலங்கி நிற்கிறது. அந்தப் பக்கம் ஒன்பது வயது, கூடிப்போச்சு என்று குதிக்கிறது. நடுவில் நான். யாரை முதலில் திருத்துவது? யாரையும் திருத்தவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தேன். அக்கா கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

யோசித்துப் பார்த்தால் நாம் எல்லோருமே இந்த இரண்டு பேரில் ஒருவர்தான். என் வீட்டுக்காரர் "அரை மணி நேரத்துல வாரேன்" என்றால் எனக்கு எரிச்சல். "முப்பது நிமிஷம்" என்றால் பரவாயில்லை, சீக்கிரம் வந்துவிடுவார் என்று ஒரு நிம்மதி. ஜவுளிக்கடையில் 'பாதி விலை' என்று போர்டு வைத்தால் பழைய சரக்கோ என்று சந்தேகம். 'ஐம்பது சதவீதம் தள்ளுபடி' என்றால் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடுகிறோம். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை குழம்பினால் மட்டும் சிரிக்கிறோம்.

சரி, தார்ப்பாய்க்கு வருவோம்.

பாய் எட்டு இலையிலும் சுற்றிச் சுற்றிக் கறியைப் போட்டார். ஈரலைத் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொரு இலைக்கும் பங்கிட்டார். "நாலுன்னா இந்நேரம் முடிச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போயிருப்பேன். எட்டுன்னா இந்த ஈரல் என்னைய வாட்டி எடுக்குது" என்று முத்துக்காளை அண்ணனிடம் அலுத்துக்கொண்டார்.

மகிழினி திரும்பி நின்றாள். கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டாள். அது தேவையே இல்லை, ஆனால் பதவிக்கென்று ஒரு மரியாதை வேண்டாமா?

"இது யாருக்கு?"

"சம்பத் தாத்தாவுக்கு."

"இது யாருக்கு?"

"ராஜேஸ்வரி பெரியம்மாவுக்கு."

அடுத்து முத்துக்காளை அண்ணன், அப்புறம் நாங்கள், கடைசியாக ஜோதி. ஐந்து பெயரும் முடிந்தன. பெயர் சொல்லும் மும்முரத்தில் ரெண்டு கூறு விஷயத்தையே மறந்துவிட்ட மகிழினி, வேலை தீர்ந்தது என்று திரும்பிப் பார்த்தாள். மூன்று குவியல் மிச்சம். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மூணு மிச்சம் இருக்கு. நான் யாரையாச்சும் விட்டுட்டேனா?"

அதற்குள் ராஜேஸ்வரி அக்கா, தன் முன்னால் இருக்கும் ஒற்றைக் குவியலையும் சம்பத் சார் முன்னால் இருக்கும் ஒற்றைக் குவியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டார். "நான் சொன்னேன்ல? கொலஸ்ட்ரால்காரருக்கும் ஒண்ணு, என் மருமயனுக்கும் ஒண்ணு. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

"யக்கா, பொறுங்க. இன்னொரு சுத்து இருக்கு" என்றார் முத்துக்காளை அண்ணன். "பாப்பா, திரும்பி நில்லு. இந்தத் தடவ மூணு பேர் மட்டும் சொல்லு. உங்க வீடு, நானு, ராஜேஸ்வரி அக்கா."

சொன்னாள். மூன்று குவியலும் போய்ச் சேர்ந்தன. ஆனால் மகிழினி இடத்தைவிட்டு நகரவில்லை.

"ஏன் மூணு பேருக்கு மட்டும் ரெண்டாவது தடவ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ராஜேஸ்வரி அக்காவின் இரண்டு இலைகளையும் இழுத்து, கறியை ஒரே இலையில் குவித்தாள். அடுத்து எங்களுடையதை. அடுத்து முத்துக்காளை அண்ணனுடையதை. நான் வாயைத் திறப்பதற்குள், சம்பத் சாருடையதையும் ஜோதியுடையதையும் எடுத்து ஒன்றாகக் கொட்டிவிட்டாள்.

பாய் தலையில் கை வைத்தது இந்த இடத்தில்தான்.

"ஏம்மா, என் கறியை எதுக்கு ஜோதியோடதுல கலக்குற?" என்றார் சம்பத் சார். ஜோதிக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் தூக்குவாளி கையிலிருந்து நழுவியது.

மகிழினி யாரையும் பார்க்கவில்லை. குவியல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். "நாலு. போன வருசம் மாதிரியே நாலு." அப்புறம் என்னைப் பார்த்தாள். "அம்மா... யாரும் எதையும் புதுசா கொண்டு வரல. யாரும் எதையும் எடுத்துட்டும் போகல. துண்டு கூடுச்சு, ஆனா ஒவ்வொண்ணும் சின்னதாயிருச்சு. அம்புட்டுத்தான். இல்லம்மா?"

"ஆமாடி, அம்புட்டுத்தான்" என்றேன்.

அவள் எழுந்து, கறிக் கையோடு நேராக ராஜேஸ்வரி அக்காவிடம் போனாள். "பெரியம்மா, உங்களுக்குக் கொறையவும் இல்ல. எனக்குக் கூடவும் இல்ல."

அக்கா குவியலைப் பார்த்தார். பொதபொதவென்று, கௌரவமாக, ஒரே குவியலாக இருந்தது. நல்லி எலும்பு மேலேயே தெரிந்தது. முகம் இளகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவேண்டுமே?

"அதெல்லாம் சரிதேன். ஆனா போன வருச ஆடு இன்னும் பெருசு."

மகிழினி கொஞ்சம் யோசித்தாள். "ஆடே மாறிட்டா அது வேற கணக்கு பெரியம்மா" என்றாள்.

தெருவே சிரித்தது. இந்தத் தடவை அவளும் சேர்ந்து சிரித்தாள். பாய் மட்டும் சிரிக்கவில்லை. சம்பத் சாருக்கும் ஜோதிக்கும் மறுபடி ஈரலை எண்ணிப் பிரிக்கிற வேலை அவருக்கு.

லீவு முடிந்து டெஸ்ட் நாள் வந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே எழுந்தாள், அவளே கிளம்பினாள், பென்சிலைச் சீவச் சொல்லி அப்பாவை விரட்டினாள். நான் கேட் வரைக்கும் போய் நின்று, வேன் திருப்பத்தில் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு மார்க் தேவைப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து மிஸ்ஸிடமிருந்து போன். பயந்துகொண்டே ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேடம், நாலில் ஒண்ணும் எட்டில் ரெண்டும் சமமா, காரணம் என்னன்னு கேட்டிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் பீட்சா வரைஞ்சிருக்காங்க. உங்க பொண்ணு மட்டும் ஆடு வரைஞ்சு, கீழே 'பிகாஸ் சேம் கோட்'னு எழுதியிருக்கா. எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா பதில் சரி, முழு மார்க் போட்டுட்டேன். அது என்ன ஆடு மேடம்?"

சொன்னேன். முழுக் கதையும் சொன்னேன். மிஸ் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "பொங்கலுக்கும் ஆடு உண்டா மேடம்? நாங்களும் இந்தப் பக்கம்தான் இருக்கோம். எங்களுக்குக் கொஞ்சமா இருந்தாப் போதும்."

மகிழினி போனைப் பிடுங்காத குறை. "உண்டு மிஸ். சம்பத் தாத்தா அவர் கூறுல பாதியை உங்களுக்குத் தருவாரு. டாக்டர் அவருக்கு இன்னும் கொறைக்கச் சொல்லியிருக்காரு. பதினாறு கூறாப் போட்டாச் சரியா வரும்." என் பக்கம் திரும்பி, "நமக்கு நாலும்மா" என்றாள்.

"நாலா? அப்ப நமக்கு இன்னும் கூடுமா?" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பாவம், இந்த அம்மாவுக்குக் கணக்கு வராது என்று எழுதி ஒட்டியிருந்தது. "இல்லம்மா. அதேதான்" என்றாள், பொறுமையாக.

எல்லாம் சரி. பதினாறு கூறு என்பதை ராஜேஸ்வரி அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?