நெவென்கா மறைத்த சுவர்

நெவென்கா எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் குடியிருக்கிறாள். நான் எதிர்வீடு. எங்கள் ஊரான லெஸ்கோவாட்ஸில் இருக்கும் காலணித் தொழிற்சாலையில் அவளுக்குத் தையல் வேலை. வேலை முடிந்து வந்தால் தன் முறை இல்லாத நாளிலும் மாடிப்படியைக் கழுவிவிடுவாள். அவள் வாசல்மிதியில் செருப்பைத் துடைக்கவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கும். சுத்தக்காரி என்ற அந்தப் பெயர்தான் அவளுக்கு வினையாகப் போனது.

மகள் இஸ்க்ராவுக்கு ஐந்து வயது. அவள் கட்டில் வடக்குச் சுவரோரம் கிடந்தது. பழைய மரச் சன்னல்களை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் போட்ட வருடத்திலிருந்து அந்தச் சுவரில் பூசணம் பிடித்தது. முதலில் கடுகு கடுகாக, பிறகு உள்ளங்கை அகலத்துக்கு. நெவென்கா குளோரின் ஊற்றித் தேய்த்தாள், வெள்ளை அடித்தாள், துணி அலமாரியை அதன் முன்னால் நகர்த்தி வைத்தாள். அவர்கள் குடும்பத்துக்குக் காவல் புனித நிக்கோலா. டிசம்பரில் அவருடைய பண்டிகைக்கு உறவெல்லாம் கூடும். ஒவ்வொரு வருடமும் அதற்கு முந்தின வாரம் தேய்ப்பும் அடிப்பும் நடக்கும். ஜனவரி முடிவதற்குள் கறுப்பு திரும்ப வந்துவிடும்.

"சன்னலக் கொஞ்சம் தெறந்து வெக்கலாமாக்கா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

"ஐயோ வேணாண்டி, குறுக்குக்காத்து பட்டா புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிடும்" என்று தடுத்தவள் நான்தான். சன்னலிடுக்கில் துணியைச் சுருட்டித் திணிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். எங்கள் ஊரில் கரடிக்குப் பயப்படாதவர்கள்கூட ஒரு சன்னலில் புகுந்து எதிர்ச்சன்னலில் போகும் குறுக்குக்காற்றுக்குப் பயப்படுவார்கள். எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

போன நவம்பரில் குழந்தைக்கு இருமல் வந்தது. போகவே இல்லை. மூச்சு விட்டால் விசில் சத்தம். மருந்தை இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது. டாக்டரம்மா கேட்டாராம், "வீட்டுச் செவுத்துல ஈரம், கறுப்பு ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க டாக்டர், எங்க வீடு சுத்தமான வீடு."

இதை என்னிடம் சொல்லிவிட்டு நெவென்கா காபிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எப்படிக்கா வாய்விட்டுச் சொல்றது? வீட்ட வெச்சுக்கத் தெரியாதவன்னு நெனச்சிர மாட்டாங்களா?"

"நாளைக்கே போய் உண்மையச் சொல்லிடுடி."

"பண்டிகை முடியட்டும்கா."

நானும் விட்டுவிட்டேன்.

பண்டிகையன்று பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். நிக்கோலாவின் படத்துக்கு முன்னால் பெரிய மெழுகுவர்த்தி எரிந்தது. சாயங்காலம் குடும்பத்தலைவர் திராட்சை ரசம் தெளித்து அணைக்கிறவரை அது எரிய வேண்டும். நடுவில் அணைந்தால் வீட்டில் யாருக்கோ ஆகாது என்பார்கள். மேசையைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். அடுப்பில் பீன்ஸ் கொதித்தது, வாணலியில் மீன் பொரிந்தது. சன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது.

"ஏண்டி நெவென்கா, செவுத்தத் தேய்க்கற நேரத்துல புள்ளைக்கு ஒரு கம்பளிச் சட்டை மாட்டிவிடக் கூடாதா?" என்று நெவென்காவின் கணவன் ராடோயேயின் அத்தை ஸ்தனா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியபோதுதான் பார்த்தேன். இஸ்க்ரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோள்கள் தூக்கித் தூக்கி விழுந்தன. உதட்டில் நீலம் ஏறியிருந்தது.

"அம்மா... காத்து வரல."

நெவென்கா மெழுகுவர்த்தியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். இடுக்கிலிருந்த துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சன்னலை அகலத் திறந்தாள். ஓடிப்போய் எதிரே சமையலறைச் சன்னலையும் திறந்தாள்.

"குறுக்குக்காத்து! மூடுடி பாவி, புள்ளையக் கொன்னுருவே!" ஸ்தனா கழுத்தில் சால்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டாள்.

சுடர் சாய்ந்தது. நான் ஓடிப்போய் இரண்டு கையாலும் மறைத்தேன். "நிக்கோலாவே, நிக்கோலாவே" என்பதைத் தவிர எனக்கு ஜெபமே வரவில்லை. என் விரல்களுக்கு நடுவில் அது அணைந்துபோனது.

"அணைஞ்சா அணையட்டும் அத்தை." நெவென்கா குழந்தையைத் தூக்கிச் சன்னலோரம் வைத்திருந்தாள். "என்னங்க, வண்டிய எடுங்க. நான் டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன். அலமாரிக்குப் பின்னால செவுரு பூரா பூசணம். இவ அதத்தான் மூச்சா இழுக்கறா."

ராடோயே வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவர்கள் மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனபிறகு வர்த்தியை நானே மறுபடி ஏற்றினேன். அது சரியா தப்பா என்று பாதிரியாரிடம் இன்னும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துக் காற்று கொடுத்தார்கள். நெவென்கா அங்கேயும் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. "கொழந்தைய அந்த ரூம்ல படுக்க வெக்காதீங்க. பனி கொட்டினாலும் தெனம் ரெண்டு வேளை பத்து நிமிஷம் சன்னலத் தெறங்க. அந்த ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு மொதல்ல கண்டுபிடிங்க" என்றாராம். ராடோயே பார்த்தபோது, மழைத்தண்ணீர்க் குழாய் உடைந்து வெளிச்சுவர் ஊறிக்கிடந்தது. குழாயை மாற்றினான். இப்போது சுவரைச் செங்கல் தெரியும்வரை சுரண்டி வைத்திருக்கிறான். அது காயவேண்டும்.

அதுவரை இஸ்க்ராவுக்கு என் வீட்டில்தான் படுக்கை. விடிந்ததும் நெவென்கா வருகிறாள். என்னிடம் பேசுவதற்கு முன் குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்கிறாள். நேற்று அந்த விசில் சத்தம் கேட்கவில்லை என்றாள். இன்றும் இல்லை என்றாள், ஆனாலும் நெடுநேரம் காதை எடுக்கவில்லை.