கலுங்கை உடைத்தவள்

புருஷன் பேச்சிராஜ் செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு குளக்கரைக்குப் போனவள் ரெங்கம்மாள். இலத்தூருக்குக் கிழக்கே இருக்கும் அந்தக் குளத்துக்கு அவன்தான் நீர்பாய்ச்சி. மடையைத் திறந்து, வயலுக்கு வயல் தண்ணீரைப் பங்கிட்டு விடுகிற வேலை. பொம்பளை நீர்பாய்ச்சியா என்று சிரித்தவர்கள்கூட நாளடைவில் அவள் முகம் பார்த்தே நாற்றுப் பாவினார்கள்.

பிள்ளைப்பேறு இல்லாதவளுக்குக் கரைமேல் வரிசையாக நின்ற மருத மரங்கள்தான் உறவு. எந்த ராஜா காலத்தில் நட்டதோ, அந்த வேர்கள்தான் கரையை இறுக்கிப் பிடித்திருந்தன.

வானம்தான் மனம் மாறிவிட்டது. ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழும், ஆடியில் குளம் பெருகும் என்ற கணக்குப் பொய்த்து இரண்டு வருஷமாயிற்று. ஐந்தருவிக்குக் குளிக்க வந்தவர்கள் வெறும் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஊர் பயந்துபோனது. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கற்கட்டுக்குக் கலுங்கு என்று பெயர். இனி வருகிற தண்ணீரில் ஒரு சொட்டுகூட வெளியே போகக்கூடாது என்று அந்தக் கலுங்கின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி உயர்த்தினார்கள். ரெங்கம்மாளும் தலையில் மூட்டை சுமந்தாள்.

தண்ணீர் ஆனிக்குக் காத்திருக்கவில்லை. சித்திரையிலேயே, மலை கறுத்து, மேகம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. அருவிக்கரையில் சைரன் ஊதிய செய்தி ஊருக்கு வருவதற்குள் வெள்ளமே வந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் மூட்டைகளின் விளிம்புவரை குளம் தளும்பி நின்றது. விவசாயிகள் சங்கத் தலைவர் தில்லைநாயகம் பூத்தூவிக் கும்பிட்டார். ரெங்கம்மாளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் கரையின் வெளிப்புறமாக நடந்தாள். பெரிய மருதத்தின் அடியில் ஒரு ஊற்று. குனிந்து கையில் ஏந்தினாள். கலங்கல். கரை மண் உள்ளேயிருந்து கரைந்து வந்துகொண்டிருந்தது. உடனே தலைவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, கரை கசியுது. மண்ணும் சேந்து வருது. மூட்டையை எடுத்துருவோம்."

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? ரெண்டு வருசம் கழிச்சு வந்த தண்ணி. நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்குக் கரை இருக்காது அண்ணாச்சி."

போன் கட்டாகிவிட்டது.

அவள் யாரையும் தேடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூட்டைகளைக் கிழித்தாள். வெள்ளம் கலுங்கில் இடிபோல் விழுந்தது. அப்போதும் ஊற்று கலங்கலாகவே வர, மடைகளையும் சாவி போட்டுத் தூக்கிவிட்டாள். பயிரில்லாத வயல்களில் பாய்ந்து, தண்ணீர் வீணாய் ஓடியது. ஓடிவந்த ஊர் அவளை மண்வாரித் தூற்றியது. மடைச் சாவியைப் பிடுங்க வந்தவர்களுக்கு முன்னால் தரையில் விழுந்து மறித்தாள். குளம் பாதிக்குமேல் வடிந்த பிறகுதான் ஊற்று தெளிந்து நின்றது.

நின்றுவிட்ட ஊற்றை யார் நம்புவார்கள்? மருத வேரடியில் ஈர மண்தான் கிடந்தது. கரை அப்படியே இருந்தது. உடையாத கரையைக் காட்டி, உடைந்திருக்கும் என்று யாரிடம் அழுவது?

மிச்சத் தண்ணீரை வைகாசி வெயில் குடித்தது. சாரலும் ஏமாற்றியது. ஒரு வயலிலும் நாற்று விழவில்லை. டீக்கடையில், குளத்தைக் குடித்தவள் வருகிறாள் என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

ஆடியில் மடைச்சாமிக்குப் பொங்கல் வைப்பது வழக்கம். தண்ணீர் இல்லாவிட்டாலும் வைப்பார்கள். முதல் திருநீறு நீர்பாய்ச்சிக்கு. அந்த வருஷம் பூசாரி குத்தாலிங்கத்தைப் பெயர் சொல்லி அழைத்தார். பேச்சிராஜின் சித்தப்பா மகன், ஊர் தேர்ந்தெடுத்த புது நீர்பாய்ச்சி. கூட்டத்தின் கடைசியில் நின்ற ரெங்கம்மாளுக்குத் திருநீறு வரவே இல்லை.

கூட்டம் கலைந்ததும் குத்தாலிங்கம் அவளிடம் வந்தான். தலை நிமிரவில்லை.

"மதினி, அன்னைக்கு நானும் அந்த ஊத்தைப் பாத்தேன். கலங்கலாத்தான் வந்துச்சு. சொன்னா என்னையும் சேத்து அடிப்பானுவோன்னு வாயைத் தொறக்கல."

திட்டுவாள் என்று காத்திருந்தான்.

"இனியும் சொல்ல வேண்டாம். உன் வேலை போயிரும்" என்றாள். "வேரடியில உள்ள பொந்தை மட்டும் ஐப்பசி மழைக்கு முன்ன களிமண்ணு வச்சு இடிச்சு அடைச்சிரு. என்னை அங்கன விடமாட்டாவ."

அவன் தலையாட்டினான். அவள் கரையேறாமல், காய்ந்த வயல் வழியாகவே வீட்டுக்குப் போனாள்.