மூன்று பாட்டுக்கு ஒரு கோப்பை

“சார், இதக் கையில வாங்கிப் பாருங்க. டீ குடிக்கிறதா, தேங்கா ஒடைக்கிறதா?”

ஓரம் சீவும் டிரிம்மிங் மேசையிலிருந்து வளர்மதி நீட்டிய கோப்பை என் கையைக் கீழே இழுத்தது. வெளியளவு சரி. உள்ளேதான் இடமில்லை, சுவர் இரண்டு மடங்கு தடித்திருந்தது. அவளுக்குப் பின்னால் பலகை பலகையாக அதே கதை. எல்லாம் ஜங்ஷன் பக்கம் டீக்கடை திறக்கப்போகும் ரஹீம் பாய் கேட்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் கடை திறப்பு. மறுபடி வார்த்து, காயவைத்து, சூளை ஏற்ற நாள் இல்லை.

செராமிக் யூனிட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் எங்கள் வார்ப்புக் கொட்டகையின் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். களிமண்ணைக் கரைத்த கூழுக்கு ஸ்லிப் என்று பெயர். பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரைக் குடிக்கும், மண் சுவராக ஒட்டும். நேரம் ஆக ஆகச் சுவர் தடிக்கும். பதம் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிட வேண்டும். அந்தப் பதத்தை எங்கள் கொட்டகையில் யாரும் கடிகாரத்தில் பார்ப்பதில்லை, பாட்டை வைத்துப் பார்ப்போம். லேப்டாப்பில் ‘கப்பு’ என்று ஒரு ஃபோல்டர், அதில் மூன்று பாட்டு. ‘ஜாடி’ ஃபோல்டரில் அதைவிடக் கூடுதல். கடைசிப் பாட்டு ஓய்ந்ததும் பெண்கள் எல்லாரும் ஒன்றாக அச்சைக் கவிழ்ப்பார்கள். மழை கொட்டி நின்ற மாதிரி ஒரு சின்ன அமைதி வரும். அந்த அமைதிக்காகத்தான் நான் இந்தச் சூப்பர்வைசர் வேலையை விடாமல் இருக்கிறேன் என்று சில நாள் தோன்றும்.

போனில் கேட்கக் கூடாதா என்பீர்கள். கேட்டோம். ஒரு போன் ஸ்லிப் வாளியில் விழுந்து, அச்சில்லாமலே வார்ப்பாகி வெளியே வந்தது. அன்றிலிருந்து மண்கைக்குப் போன் கூடாது.

லேப்டாப் முதலாளியின் மகள் காலேஜில் படித்தபோது வாங்கியது. ராம் ஒரு ஜிபி. பேட்டரி செத்து, சார்ஜர் வயரில்தான் உயிர். ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தால் எழுந்திருக்கும். ஆனால் பாடத் தொடங்கினால் பிசகாது.

அதனால் நான் அதைச் சந்தேகிக்கவே இல்லை. ஸ்லிப் வாளியில் கைவிட்டுப் பார்த்தேன். மோர் மாதிரி ஓடியது. அச்சுகளைத் தட்டிப் பார்த்தேன், குறையில்லை. பிறகு வார்ப்பில் மூத்தவரான செல்வியக்காவைக் கேட்டேன்.

“மூணு பாட்டுலதானே கொட்டுனீங்க?”

“மூணே மூணுதாங்க சார். நாலாவது பாட்டக் காதால கேக்கல.”

“போட்டுக் காட்டுங்க.”

போட்டார். திரையில் பச்சையும் ஊதாவுமாக அலைகள் துள்ளின. பாடகர் ஒரு வார்த்தை பாடினார். நின்றார். உள்ளே ஃபேன் இரைந்தது. இன்னொரு வார்த்தை. மறுபடி நின்றார். பல்லவி முடிவதற்குள் ஜங்ஷனுக்கு ஒரு பாசஞ்சர் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

“நேத்து பூரா இப்பிடியேவா பாடுச்சு?”

“ஆமாங்க. மொதலாளிதான் பென்டிரைவுல கொண்டாந்து போட்டாரு. துபாய் பிரண்டு குடுத்தாராம், ஒரிஜினல் சவுண்டாம். ஒரிஜினல்னா இப்பிடித்தான் மூச்சு வாங்கிப் பாடும்போலன்னு இருந்துட்டோம்.”

நேற்று முழுக்க நான் சூளையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் அதே மூன்று பாட்டுதான். ஆனால் ஒவ்வொரு ஃபைலும் பழையதைவிடப் பல மடங்கு கனம். அதன்மேல் அலையாடும் புது பிளேயர் வேறு. கிழ மாட்டின் மேல் கரும்பு லோடு ஏற்றி, கொம்புக்குச் சீரியல் லைட்டும் கட்டியிருந்தார் முதலாளி.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சூளை வாசலாகிவிட்டது.

“பாட்டால கெட்டுச்சா? அப்ப பாட்டே வாணாம். பாய் மட்டும் சரக்கத் திருப்பி அனுப்பட்டும், அன்னைக்கே இந்தப் பொட்டி பழைய இரும்புக்கு. அலாரம் வெச்சி வேல செய்யுங்க.”

“அலாரத்தோட சேந்து பாட முடியுங்களா மொதலாளி?” என்றார் செல்வியக்கா.

தடித்த கோப்பைகளே காய்ந்தன, சூளை ஏறின. சில வெடித்தன, மிச்சம் தாங்கின. அந்த இடைவெளியில் நான் லேப்டாப்புக்கு வைத்தியம் பார்த்தேன். அலைகளை எடுத்தேன். வெறும் எழுத்து மட்டும் காட்டும் பழைய பிளேயரைத் திரும்பப் போட்டேன். கனத்த பாட்டை அழித்து எம்பி3 வைத்தேன். வைஃபையை நிறுத்தினேன். கம்ப்ரஸர் காற்றால் ஃபேனை ஊதினேன். வெள்ளை மண் புகையாய்ப் பறந்தது. அடியில் காற்றுப் போக இரண்டு உடைந்த அச்சுகளின் மேல் ஏற்றி வைத்தேன். பாட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. ஆனால் லேப்டாப் இருப்பதும் போவதும் பாய் கையில் இருந்தது.

வியாழக்கிழமை பாய் பிளாஸ்க்கோடு வந்தார். ஒரு கண்ணாடி கிளாஸ் நிறைய டீ ஊற்றி, அதை நம் கோப்பையில் கவிழ்த்தார். வழிந்து மேசையில் ஓடியது.

முதலாளி லேப்டாப்பைப் பார்த்தார். பெண்கள் முதலாளியைப் பார்த்தார்கள். செல்வியக்காவின் கை அச்சின் மேலேயே நின்றுவிட்டது.

பாய் கோப்பையை எடை பார்த்தார். கையிலிருந்து கைக்கு மாற்றினார்.

“சூடு வெளிய வரலியே! ஏங்க, இன்னும் கொஞ்சம் தடியா செய்ய முடியாதா?”

“பாய்?” என்றார் முதலாளி.

“என் பழைய கடையில டிரெயின் வந்தா டீ குடிக்கிறவனுங்க கப்போட ஏறிடுவானுங்க. திருப்பூர் வரைக்கும் என் கப்பு போயிருக்குது. இந்தக் கனத்த எவன் பையில போட்டுக்கிட்டு ஓடுவான்? ‘சின்ன டீ’ன்னு போர்டு எழுதி, வெலையையும் கொறச்சிடுறேன்; ஏமாத்து வேல நமக்கு வாணாம். அடுத்த லாட்டு இந்தக் கனத்துக்குக் கொறையக் கூடாது, ஆமா!”

பாய் இன்னும் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் முதலாளியின் குரல் தேனாகிவிட்டது.

“செல்வி, அந்த ஒரிஜினல் சவுண்ட மறுபடி போடும்மா.”

“வாணாங்க மொதலாளி. நிக்காம பாடுற பாட்டாவே இன்னும் ஆறேழு சேத்துக்குறோம்.”

நான் கற்றது இவ்வளவுதான்: பழைய மெஷினிடம் அழகு கேட்காதீர்கள், பாட்டு மட்டும் கேளுங்கள், தடிமன் வேண்டுமென்றால் பாட்டின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், ஃபைலின் கனத்தைக் கூட்டாதீர்கள்.

லேப்டாப்பில் இப்போது ‘பாய் கப்பு’ என்று புது ஃபோல்டர் இருக்கிறது. அதற்கு ஒரு பாட்டு தரட்டுமா என்று முதலாளி தினமும் பென்டிரைவோடு வருகிறார். செல்வியக்கா மண்கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்.