யன்னல் விளிம்பில் ஒரு கப்

பேர்லினில் ஒரு காப்புறுதி அலுவலகக் கட்டடத்தைப் பதினெட்டு வருடங்களாகத் துடைத்து வருகிறேன். முதல் பத்து வருடம் தடியும் வாளியுமாக. அதற்குப் பிறகு மூன்று பெண்களுக்கு மேற்பார்வையாளராக, அதே தடியும் வாளியுமாக. பதவி வந்தால் வாளி போய்விடும் என்று நினைத்தேன். வாளி போகவில்லை. கையெழுத்துப் போடுகிற வேலைதான் கூடியது. நான் எழுத வந்தது அப்படிப் போட்ட ஒரு கையெழுத்தைப் பற்றி.

கட்டடத்தின் நிலவறையில் எங்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. காலை ஒன்பது மணிக்கு அங்கே தேத்தண்ணி. என்னோடு வேலை செய்த இருவர் எங்கள் ஆட்கள், இலங்கைத் தமிழர். ஒருவர் என்னைவிட மூத்தவர், ஊரில் எங்கள் வீட்டுக்கு நாலு வேலி தள்ளி இருந்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மற்றவள் இளையவள், அக்கா எதைச் சொன்னாலும் ஓம் போடுபவள். நாலாவது இடம் காலியாகி இரண்டு மாதம் கழித்து அவள் வந்தாள்.

கட்டடங்களுக்குப் பொறுப்பான ஜெர்மன்காரரை நாங்கள் செஃப் என்போம். அவர்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, ருமேனியாவிலிருந்து வந்தவர் என்று அறிமுகம் செய்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்களைவிட நாலு மடங்கு வெளுப்பு. அக்காவுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

"வெள்ளைக்காரி ஒருத்தி எங்களோட நிண்டு கக்கூஸ் கழுவுறாள், பாத்தியோ," என்று என் காதுக்குள் சொல்லிப் பூரித்தார்.

நல்ல வேலைக்காரி. அவள் துடைத்த கண்ணாடிக் கதவு திறந்திருக்கிறது என்று நினைத்து மூன்றாம் மாடிக் கணக்காளர் நெற்றியை முட்டிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கப் போனவளிடம், இப்படித் துடைத்தால் ஆபத்து என்று சொல்லிச் சிரித்தாராம். அக்கா கொண்டுவரும் ரொட்டியையும் சம்பலையும் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்பாள். அறையில் நாலைந்து கப்கள், எல்லாம் என் வீட்டில் சோடி உடைந்தவை. யாருக்கு எது என்றில்லை. கைக்கு அகப்பட்டதில் குடிப்போம்.

அவளுக்கு வேண்டியது ஒரு தாள். இங்கே ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தர ஒப்பந்தம் கொடுப்பார்கள். அவளும் ஒன்பது வயது மகளும் ஒரு ஹைமில், அதாவது வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற விடுதியில், ஒரே அறையில் இருந்தார்கள். மாடி முழுவதற்கும் ஒரு சமையலறை. எத்தனையோ வீடு பார்த்தாளாம். தொலைபேசியில் காலியாக இருக்கிற வீடு, பெயரைச் சொன்னதும் யாருக்கோ கொடுபட்டுவிடுமாம். கடைசியில் ஒரு வயதான வீட்டுக்காரி மட்டும், நிரந்தர ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினால் இரண்டு அறை வீட்டைத் தருவதாகச் சொல்லியிருந்தார். மகள் அந்த வீட்டைப் பார்க்காமலே படம் வரைந்துவிட்டாள். படத்தில் கட்டில் இல்லை, யன்னல் இல்லை. ஒரு கதவு, கதவுக்குப் பக்கத்தில் அழைப்பு மணி, மணிக்குக் கீழே அவர்களுடைய பெயர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒருநாளும் வீட்டுக்குக் கூப்பிட முடியாத பிள்ளைக்கு மணிதான் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. அவள் அந்தப் படத்தை நாலாக மடித்து வேலைச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தாள். எங்களுக்கு எடுத்துக் காட்டுவாள். நாங்களும் நல்ல வடிவு என்போம்.

ஐந்தாவது மாதம் தைப்பொங்கல் வந்தது. அக்கா ஒரு பெட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அவள் விரலைச் சூப்பிச் சாப்பிட்டுவிட்டு, இது என்ன பண்டிகை, எந்த நாட்டுப் பண்டிகை என்று கேட்டாள். இலங்கையிலும் இந்தியாவிலும் தமிழர் கொண்டாடுவது என்று சொன்னோம். உடனே அவள் முகம் மலர்ந்தது. எங்களுக்கு நடுவில் இருந்த உடைந்த ஜெர்மனில் சொன்னாள்:

"நாங்களும் அங்கே இருந்து வந்த ஆட்கள். நான் றோமா. ஜிப்சி என்று திட்டுவார்களே, அதுதான். ஆயிரம் வருடத்துக்கு முதல் எங்கள் சனம் இந்தியாவில் இருந்தது. நீங்களும் நாங்களும் சொந்தம்."

ஒன்றிலிருந்து பத்து வரை தன் மொழியில் எண்ணிக் காட்டினாள். இந்திப் படம் பார்க்கிற இளையவளுக்கு அதில் பாதி விளங்கியது. முன்பு வேலை செய்த இடங்களில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லையாம். சொன்னால் மறுநாளே கைப்பைகளைப் பூட்டி வைப்பார்களாம். எங்களிடம் பயமில்லாமல் சொல்லலாம் என்று நினைத்தாளாம்.

அக்கா சிரித்த முகம் மாறாமல் தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அங்க இருந்து வந்தவையெண்டால், என்ன ஆக்களில இருந்து வந்தவையாம்? கேள் பாப்பம்."

நான் கேட்கவில்லை. அக்காவே பதிலும் சொன்னார்.

"கூடாரம் அடிச்சுத் திரிஞ்ச சனம். பாம்பாட்டியள். இவ்வளவு நாளும் என்ர கையால சாப்பாடு போட்டிருக்கிறன்."

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது, அக்கா மேல் அல்ல. ருமேனியாக்காரியாக இருந்தவரை அவளை எங்கே வைப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அதனால் பக்கத்தில் வைத்திருந்தோம். எங்கள் பக்கத்திலிருந்து போனவள் என்று அவளே வாய்விட்டுச் சொன்னதும், வைக்கிற இடம் எங்களுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஜெர்மன்காரர்கள் அவளை அந்நியப் பெண் என்று தள்ளினார்கள். நாங்கள் சொந்தம் என்று கேள்விப்பட்டுத் தள்ளினோம். உலகத்தில் வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது.

அன்றைக்கு அவள் குடித்த கப்பை அக்கா கக்கூஸ் தேய்க்கிற தூள் போட்டு மூன்று தரம் தேய்த்தார். மறுநாள் தனக்கும் இளையவளுக்கும் வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தார். ரொட்டி நின்றது. அறையில் பேச்சும் நின்றது. நான் சமாதானம் செய்து பெயர் வாங்குகிற ஆள். என்ன செய்தேன்? மலிவுக் கடைக்குப் போய்ப் பெரிய சிவப்புப் பூப் போட்ட புதுக் கப் ஒன்று வாங்கினேன். எங்கள் கப்கள் இருக்கிற தட்டில் அல்ல, தள்ளி, யன்னல் விளிம்பில் வைத்தேன். "இது உனக்கு மட்டும்," என்றேன்.

அதை எங்கே படித்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுப் பின்வேலியில் நட்ட கதியால் தடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்துக் கிடக்கும். வேலி அடைக்க வருபவர் அதைத் தானே எடுத்துக் கழுவி, தானே நீட்டுவார். அம்மா தொடாமல் மேலேயிருந்து தண்ணீர் ஊற்றுவார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன் உயிர் தப்பி ஓடி வந்தபோது நகையை விட்டேன், படிப்புச் சான்றிதழை விட்டேன். அந்தச் சிரட்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன்.

அவள் கப்பை இரண்டு கையாலும் வாங்கினாள். கண் கலங்கிவிட்டது. ஹைமில் எல்லாமே பொதுவாம். இந்த நாட்டில் அவளுக்கென்று ஒருவர் பார்த்து வாங்கிக் கொடுத்த முதல் பொருள் இதுவாம். என்னைக் கட்டிப்பிடித்தாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானும் வீட்டுக்குப் போய், வேலைச் சட்டையை மட்டுமல்ல, உள்ளே போட்டிருந்ததையும் கழற்றித் துவைக்கப் போட்டேன். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நகரத்தின் நடுவில், நாசிகள் கொன்றுபோட்ட அவளுடைய ஆட்களுக்காக ஒரு நினைவுக் குளம் கட்டி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன். கறுத்த தண்ணீர், நடுவில் தினமும் ஒரு பூ. செத்தவர்களுக்குக் கொடுக்கிற மரியாதையில் கொஞ்சத்தை ஒரு வீட்டுச் சாவிக்குக் கொடுத்திருந்தால் அவள் எங்கள் நிலவறைக்கே வந்திருக்க மாட்டாள். இப்படி ஜெர்மன்காரரைக் குறை சொல்ல எனக்கு நன்றாக வரும்.

ஆறாவது மாதக் கடைசியில் செஃப், அவளைப் பற்றி நான் நிரப்ப வேண்டிய மதிப்பீட்டுத் தாளோடு வந்தார். அவள் யார் என்று அக்கா காதும் காதும் வைத்த மாதிரி முன்னமே அவரிடம் சொல்லியிருந்தார். அவர் குரலைத் தாழ்த்தி, றோமாக்களுக்கு வைத்த, இப்போது வெளியில் சொல்லக் கூடாத பழைய வசைச் சொல்லால் அவளைக் குறிப்பிட்டார்.

"எனக்குத் தனிப்பட்ட முறையில் ஒன்றுமில்லை," என்றார். "ஆனால் அவர்கள் எத்தனை வருடமானாலும் ஒட்ட மாட்டார்கள். உங்கள் ஆட்களைப் பாருங்கள். வந்தீர்கள், உழைத்தீர்கள், ஒரு சத்தம் இல்லை. நீங்கள் நினைப்பதை எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்."

அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது. நாங்களும் ஹைமில் கிடந்தவர்கள்தான். சுரங்க ரயிலில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்துபோன காலம் எனக்கு மறக்கவில்லை. ஆனால் ஒரு ஜெர்மன்காரர் எங்களைத் தன் பக்கத்தில் நிறுத்தி, இன்னொருத்தரைச் சுட்டிக்காட்டிப் பேசும்போது வருகிற சுகம் இருக்கிறதே, அது வேறு.

தாள் மூன்று நாள் என் கைப்பைக்குள் இருந்தது. அக்கா விடவில்லை.

"உவள் நிண்டால் நானும் இந்தத் தங்கச்சியும் வேற கட்டடம் கேட்டுப் போவம். கோயில்ல சனம் கேக்குது, நீங்கள் ஆரோட இருந்து சாப்பிடுறியள் எண்டு. நீ உன்ர மகனுக்குப் பொம்பிளை பாக்கிறாய். யோசி."

"அக்கா, அவளின்ர பிள்ளை வீட்டுக்காகக் காத்துக்கொண்டிருக்கு."

"உலகத்தில உள்ள பிள்ளையளுக்கெல்லாம் எங்களாலை வீடு கட்டிக் குடுக்க ஏலாது."

நேரத்துக்கு வருகிறாரா? மிக நன்று. வேலைத் தரம்? மிக நன்று. நடத்தை? மிக நன்று. மூன்றுக்கும் சந்தோஷமாக அடையாளம் போட்டேன். கடைசி வரி, குழுவுக்குப் பொருந்துகிறாரா என்பது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து நல்ல வடிவு என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்வார்கள்.

வேலை இனி இல்லை என்ற கடிதம் அவளுக்கு அடுத்த கிழமை கிடைத்தது. சாவியையும் சட்டையையும் திருப்பிக் கொடுக்க ஒன்பது மணிக்கு நிலவறைக்கு வந்தாள். அக்காவும் இளையவளும் பிளாஸ்க்கைத் திறந்தபடி இருந்தார்கள். அவள் அழவில்லை. கடிதத்தை என்னிடம் நீட்டி, "குழுவுக்குப் பொருந்தவில்லையாம். செஃப் கண்டுபிடித்துவிட்டார், நான் யார் என்று," என்றாள். "நீ எனக்காகப் பேசியிருப்பாய். எனக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

கடைசித் தேத்தண்ணியைத் தானே போடுவேன் என்றாள். யன்னல் விளிம்பிலிருந்து தன் கப்பை எடுத்துக் கழுவினாள். தட்டிலிருந்து என்னுடைய பழைய நீலக் கப்பை எடுத்தாள். இரண்டிலும் ஊற்றினாள். பூப்போட்ட கப்பை என் கையில் தந்துவிட்டு, நீலக் கப்பைத் தான் வைத்துக்கொண்டாள்.

"இன்றைக்கு நீ என்னுடையதில் குடி, நான் உன்னுடையதில் குடிக்கிறேன்," என்றாள். "சகோதரிகள் மாதிரி."

ஒரு மிடறு குடித்தாள். நான் குடிக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கப் என் கையில் இருந்தது. அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் குடித்திருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கையைத் தூக்கினேன், அது கழுத்துவரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. வாய் தானாக மூடிக்கொண்டது.

"சூடு," என்றேன்.

அவள் காத்திருந்தாள். ஆவி அடங்கியது. அவள் என்னைப் பார்த்தாள், அக்காவின் பிளாஸ்க்கைப் பார்த்தாள், தட்டில் ஒன்றாக இருந்த கப்களைப் பார்த்தாள், பிறகு திரும்பி யன்னல் விளிம்பைப் பார்த்தாள். அங்கே ஒரு கப்பின் அடி வைத்த வட்டம் தூசியில் தெரிந்தது. கண்ணாடியில் ஒரு பொட்டு அழுக்கு விடாத பெண், அந்த விளிம்பை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறாள், தன் கப்பின் இடத்தைக் கலைக்க மனமில்லாமல்.

அவள் நீலக் கப்பில் மிச்சம் இருந்ததைத் தொட்டியில் ஊற்றினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள். இன்னொரு தரம் கழுவினாள். துடைத்துத் தட்டில் வைத்தாள். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, பொருந்தவில்லை என்ற அந்த வரியை இன்னொரு முறை வாசித்தாள். யார் எழுதியது என்று கேட்கவில்லை. மகளின் படத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கொண்டு, சட்டையை மடித்து மேசையில் வைத்தாள்.

வாசலில் நின்று, "மகளுக்கு நான் என்ன சொல்ல?" என்று மட்டும் கேட்டாள். கேட்டது என்னிடம்தான். நான் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் போன பிறகு அக்கா, "சனியன் விட்டுது," என்று சொல்லி, எனக்கு ஒரு துண்டு ரொட்டி தந்தார். சாப்பிட்டேன்.

அந்தப் பூப்போட்ட கப்பை எறிய எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியின் மேல்தட்டில், மற்றக் கப்களுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவுவேன். ஒவ்வொரு முறையும் அதில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட வேண்டும் என்று நினைப்பேன். சில நாள் ஊற்றியும் இருக்கிறேன். ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, தொட்டியில் கொட்டிவிடுவேன்.