தபசுகால நீளக்கை

ஜெயரூபியின் தையல் மெஷினைவிட அவள் வாய் ஓடும் சத்தம்தான் பாலையூற்று ரோட்டுக்குக் கேட்கும். அன்றைக்குப் பின்னேரம், கோயில் பாடகர் குழுப் பிள்ளைகளுக்கு ஈஸ்டர் உயிர்த்த ஞாயிறுச் சட்டைகள் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் அரைக்கை. றீற்றா தன் மகள் நிலுஷாவை அளவெடுக்கக் கூட்டிவந்தா.

“இவளுக்கு மட்டும் முழுக்கை வையும் ஜெயா. தபசுகால ஒறுத்தலாம், உடம்பை வருத்தி நோன்பாம். இந்த வெக்கைக்குள்ளயும் வீட்டில நீளக்கைதான். ஃபாதரிட்டயும் சொன்னனான், அவருக்கு நல்ல சந்தோசம்.”

பெருமை பொங்கச் சொல்லிவிட்டு, றீற்றா பக்கத்துக் கடைக்குச் சீனி வாங்கப் போனா.

ஜெயரூபி அளவுநாடாவை எடுத்தாள். “ஏன்டி பிள்ளை, உயிர்த்த ஞாயிறோட தபசு முடிஞ்சிடுமே! பிறகென்ன ஒறுத்தல்?” என்று பகிடியாய்த்தான் கேட்டாள். நாடா மணிக்கட்டில் பட்டதும் நிலுஷா கையை வெடுக்கென்று இழுத்தாள். முகம் வெளிறிப்போச்சு.

ஜெயரூபி நாடாவைப் பின்னுக்கு எடுத்தாள். அந்த இழுப்பு அவளுக்குத் தெரியாததோ? சின்ன வயதில், சண்டைக்காலத்தில், தன் ஊரான கட்டைபறிச்சானில் ஷெல் விழ, உடுத்த உடுப்போடு ஓடிவந்து டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள் அவள். கதவு அடிபட்டாலே மேசைக்குக் கீழே ஒளிவாள். வகுப்புக்காரிகளுக்கு அது கொண்டாட்டம். பேப்பர் பையை ஊதி அவள் முதுகுக்குப் பின்னால் டப்பென்று உடைப்பார்கள். பதுங்குகுழிக்காரி என்கிற மாதிரி ‘பங்கர்’ என்று பட்டம் வேறு. பாழாய்ப்போனவளவை! பயத்தையும் வெட்கத்தையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல், அவள் தன்னையே காயப்படுத்தத் தொடங்கினாள்.

ஆனாலும் அந்தக் காலத்தை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். காரணம் பக்கத்துக் கதிரைக்காரி றஹ்மா. பள்ளிக்கூடம் விட்டால் இருவரும் ஓர்ஸ் ஹில் இறக்கத்தால் துறைமுகப் பக்கம் போவார்கள். றஹ்மா கச்சான்கடலை வாங்கிப் பாதியை, அந்த டவுனில் மாடுகள்போல ரோட்டில் நிற்கிற மான்களுக்கே குடுத்துப்போடுவாள். “எனக்கடி?” என்றால், “மான் வாய் காட்டாமல் நிக்குது, உனக்குத்தான் வாய் கூட” என்பாள். என்ன சிரிப்பு, என்ன காற்று அது! கப்பல் ஊதினால் ஜெயரூபி நடுங்குவாள். றஹ்மா கையைப் பிடித்துக்கொள்வாள். அப்படிப் பிடித்த ஒருநாள்தான் காயங்களைக் கண்டாள்.

“ஒருத்தருக்கும் சொல்லாதே” என்று ஜெயரூபி கெஞ்ச, தலையாட்டினாள். விடிந்ததும் மிஸ்ஸிடம் சொல்லிப்போட்டாள், கள்ளி! மிஸ்தான் ஆஸ்பத்திரியில் பொறுமையாய் இருந்து கதை கேட்கிற டொக்டரம்மாவிடம் கூட்டிப்போனா. அந்தப் பள்ளித் தவணை முழுக்க ஜெயரூபி றஹ்மாவோடு கதைக்கவில்லை. இப்போது நினைத்தால் அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருக்கும்.

நாடாவைக் கீழே வைத்தாள். “என்ர கையும் ஒரு காலம் இப்பிடித்தான் பிள்ளை. ஆர் உன்னை என்ன செய்யினம்?”

நிலுஷாவின் தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து அவளுக்குப் பேச்சுத் தடக்கும். பாட்டு மட்டும்தான் தடங்கலில்லாமல் வரும். வகுப்பில் அவள் பாடம் வாசித்ததை யாரோ போனில் பதிந்து வகுப்புக் குறூப்பில் போட்டுவிட்டார்களாம். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டுப் போட்டுச் சிரிக்கிறார்களாம். தடக்கித் தடக்கிச் சொல்லி முடித்தாள்.

“அ... அம்மாட்டச் சொல்லாதேங்கோ அன்ரி.”

தாயிடம் சொல்லப்போய் இந்தப் பிள்ளை இனி வாயே திறக்காமல் போனால்? ஜெயரூபி தன் கதிரையை அவளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

“சொல்லாமல் விட ஏலாதம்மா. ஆனால் உனக்குத் தெரியாமல் சொல்லமாட்டன். நீ பக்கத்தில இருக்கத்தான் சொல்லுவன்.”

றீற்றா சீனியோடு வந்தா. ஜெயரூபி நிலுஷாவின் தோளை அணைத்துக்கொண்டு, நீளக்கை மறைத்த காயங்களையும் வகுப்பில் நடப்பதையும் சொன்னாள்.

“உனக்கு என்னடி குறை வைச்சனான்? ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டனே!” றீற்றா கத்தினா.

“றீற்றா அக்கா, இப்ப ஏசாதேங்கோ. நாளைக்கு மூண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவம். இப்ப அவளைப் பாருங்கோ.”

றீற்றா கதிரையில் இருந்தா. மகளை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தி, சட்டைக்கையை மெல்ல மேலே உயர்த்தினா. காயங்களைப் பார்த்தா.

“நோகுதோ மகள்?”

“ஓ... ஓம் அம்மா,” என்றாள் நிலுஷா. “அப்பா போனதிலயிருந்து நோகுது.”